எண் கட்டங்களில் எரிபொருள்: தில்லி கார்களில் ஓர் அட்டவணையின் வரலாறு

ஒரு கிராம் பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். மாருதி எஸ்டீமின் 1,298 சிசி எஞ்சினில், த்ராட்டிலை முழுக்கத் திறந்தாலும், ஒரு சிலிண்டர் ஒரு முறை உள்ளிழுக்கும் காற்று சுமார் 0.3 கிராம்தான். அதற்குரிய பெட்ரோல் 20 மில்லிகிராம். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும் எஞ்சினில் நான்கு வீச்சுகளும் முடிய 20 மில்லி விநாடி ஆகும். அந்த அவகாசத்துக்குள் இந்தத் துளியை அளந்து ஊற்றியாக வேண்டும். முழு இழுவை தேவைப்படும்போது கலவை கொஞ்சம் செறிவாக இருக்க வேண்டும் என்பதால், காற்று விகிதம் 12.5-க்கும் 13-க்கும் இடையில் வைக்கப்படும். 20 மில்லிகிராம் அப்போது 23 ஆகும். சாதாரண ஓட்டத்துக்கும் பந்தய ஓட்டத்துக்கும் உள்ள தூரம் இந்த மூன்று மில்லிகிராம்தான்.

இந்த அளவை எஞ்சினுக்குச் சொல்வது எரிபொருள் அட்டவணை. காரின் கட்டுப்பாட்டுக் கணினியை மெக்கானிக்குகள் இசியு என்பார்கள். அதன் நினைவகத்தில் இந்த அட்டவணை கட்டங்களாக இருக்கிறது. ஒரு பக்கம் எஞ்சினின் சுற்று வேகம், மறுபக்கம் உள்ளிழுப்புக் குழாயின் அழுத்தம். 16 வரிசையும் 16 நிரலும் இருந்தால் 256 கட்டங்கள். அந்த வேகத்தில், அந்த அழுத்தத்தில் சிலிண்டர் தன் கொள்ளளவில் எத்தனை சதவீதம் காற்றால் நிரம்புகிறது என்பதை ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள எண் குறிக்கும். காற்றின் வெப்பநிலையையும் சேர்த்துக் கணக்கிட்டு, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் எத்தனை மில்லி விநாடி திறந்திருக்க வேண்டும் என்று இசியு முடிவு செய்யும். இரண்டு கட்டங்களுக்கு நடுவில் எஞ்சின் ஓடினால், சுற்றியுள்ள நான்கு எண்களிலிருந்து இடைமதிப்பைப் பிடித்துக்கொள்ளும். கேம் ஷாஃப்ட், சைலன்சர், ஏர் ஃபில்டர் என்று எதை மாற்றினாலும் சிலிண்டர் நிரம்பும் விதம் மாறிவிடும். பழைய எண்கள் பொய்யாகிவிடும். அவற்றைத் திருத்தி எழுதுவதுதான் ட்யூனிங் என்ற தொழிலின் நடுநாயகமான வேலை.

பல நாடுகளில் இந்தத் தொழில் பந்தயக் களத்திலிருந்து தெருவுக்கு வந்தது. தில்லியில் நடந்தது வேறு. அங்கே எரிபொருள் அட்டவணை உச்ச நீதிமன்றத்தின் உத்தரவோடு வந்தது.

அதற்கு முன்பு பெட்ரோலை அளந்து ஊற்றும் வேலையைச் செய்தது கார்ப்பரேட்டர். வில்ஹெல்ம் மேபாக் 1893-ல் உருவாக்கிய தெளிப்பு முறைதான் அதன் மூலம்: குறுகலான குழாயில் காற்று வேகமாகப் போகும்போது அழுத்தம் குறைகிறது; அந்தக் குறைவு சிறு துளை வழியாகப் பெட்ரோலை உறிஞ்சுகிறது. துளைக்கு ஜெட் என்று பெயர். பிரிமியர் பத்மினியிலும் அம்பாசடரிலும் இருந்தவை சோலக்ஸ் வகை. மாருதி 800 வந்தபின், சென்னையில் 1985-ல் தொடங்கிய யூகால் நிறுவனம் ஜப்பானின் மிக்குனியோடு கூட்டுச் சேர்ந்து கார்ப்பரேட்டர் தயாரித்தது. தில்லியில் ஓடிய வண்டிகளின் மூச்சுக்குழலுக்கும் சென்னைத் தொழிற்கூடங்களுக்கும் இப்படி ஓர் உறவு இருந்தது.

கார்ப்பரேட்டருக்குத் தில்லி கடினமான ஊர். ஜனவரி விடியலில் 5 டிகிரிக்கு இறங்கும் வெப்பம், ஜூன் மதியத்தில் 45 டிகிரிக்கு ஏறும். அதே அழுத்தத்தில், 45 டிகிரிக் காற்றின் அடர்த்தி 5 டிகிரிக் காற்றைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு. ஜெட்டின் துளை இரண்டு பருவத்திலும் ஒன்றுதான். கோடையில் கலவை ரிச் ஆகும், அதாவது பெட்ரோல் மிகும். குளிரில் லீன் ஆகும், பெட்ரோல் குறையும். குளிர்காலக் காலையில் சோக்கை இழுத்துப் பிடித்து, எஞ்சின் சூடாகும்வரை கரும்புகையோடு நின்று உறுமிய வண்டிகளை அந்தக் காலத் தில்லி மோதி பாக்கின் அரசு ஊழியர் குடியிருப்புகள் நன்றாக அறியும். விடுமுறைக்கு மணாலி போய், சுமார் 3,980 மீட்டர் உயரமுள்ள ரோத்தாங் கணவாயில் ஏறும் கார் இன்னும் திணறும். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஜெட்டுக்கு அது தெரியாது.

ஜெட்டை மாற்றுவதுதான் அன்றைய ட்யூனிங். வெபர் போன்ற கார்ப்பரேட்டர்களில் ஜெட்டின் மேல் பொறித்திருக்கும் எண்ணே துளையின் விட்டம்: 120 என்றால் 1.20 மில்லிமீட்டர். 120-ஐக் கழற்றி 125 போட்டு, ஒரு சுற்று ஓட்டி, எஞ்சினை உடனே அணைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். வெளிர் பழுப்பு என்றால் சரி. வெளுத்திருந்தால் லீன், பிஸ்டன் உருகும் ஆபத்து. கருத்திருந்தால் ரிச். இந்தக் கலையைத் தமிழகம் நன்றாகவே கற்றிருந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்கள் அதற்குப் பள்ளிக்கூடம். கோவையின் எஸ். கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டி, ஃபார்முலா மாருதி என்ற போட்டியை 1980-களின் இறுதியில் உருவாக்கினார். எளிய எஞ்சினிலிருந்து எவ்வளவு எடுக்க முடியும் என்பதை ஒரு தலைமுறைக்குக் காட்டியவர் அவர். 1995-ல் அவர் விமான விபத்தில் இறந்தது இந்திய மோட்டார் பந்தயத்துக்குப் பெரும் இழப்பு. 2003-ல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தக் காலம் முழுவதும் கருவி ஒன்றுதான்: பிளக்கின் நிறத்தைப் படிக்கும் கண்.

அந்தக் கண்ணுக்குத் துணையாக இருந்தது பெட்ரோலில் கலந்திருந்த ஈயம். ஈயம் எரிந்து பிளக்கில் படியும் பூச்சுதான் நிறத்தைத் தெளிவாகக் காட்டியது. அதே ஈயம்தான் எரிபொருள் அட்டவணைக்குப் பரம எதிரியாகவும் இருந்தது.

மின்னணு முறையில் பெட்ரோலைச் செலுத்தும் முயற்சியை அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் 1950-களின் இறுதியில் எலெக்ட்ரோஜெக்டர் என்ற பெயரில் செய்தது. அன்றைய மின்னணு உறுப்புகள் எஞ்சின் அறையின் சூட்டையும் ஈரத்தையும் தாங்கவில்லை. விற்ற சில கார்களிலும் பெரும்பாலானவற்றில் கார்ப்பரேட்டரே திரும்பப் பொருத்தப்பட்டது. பெண்டிக்ஸின் காப்புரிமைகளைப் பெற்ற ஜெர்மனியின் பாஷ், 1967-ல் டி-ஜெட்ரானிக் முறையை ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் கொண்டுவந்தது. அதைத் தூண்டியதும் கலிஃபோர்னியாவின் காற்று மாசுச் சட்டம்தான். 1976-ல் வோல்வோ காரில் லாம்டா சென்சார் வந்தது. புகைபோக்கிக் குழாயில் மிஞ்சும் ஆக்சிஜனை உணர்ந்து, கலவை லீனா ரிச்சா என்று இசியுவுக்கு ஓயாமல் சொல்லும் சிறு கருவி அது. 1979-ல் பிஎம்டபிள்யூ 732ஐ காரில் அறிமுகமான மோட்ரானிக், எரிபொருளையும் தீப்பொறி நேரத்தையும் ஒரே டிஜிட்டல் கணினியின் அட்டவணைகளில் இணைத்தது. இன்றைய ட்யூனர் திறக்கும் கட்டங்களின் முன்னோடி அதுதான். லாம்டா சென்சாரும் அதன் பின்னால் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் ஈயத்தால் செத்துப்போகும். ஈயப் பெட்ரோல் விற்கும் ஊரில் இந்த முறை நிலைக்காது.

தில்லியின் கதை இங்கேதான் சேருகிறது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1985-ல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த காற்று மாசு வழக்கு, அடுத்த இருபது ஆண்டுகளுக்குத் தலைநகரின் வாகனங்களை மாற்றிக்கொண்டே இருந்தது. 1995 ஏப்ரலில் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஈயமற்ற பெட்ரோல் பங்குகளுக்கு வந்தது. 1998 செப்டம்பரில் தில்லியில் ஈயப் பெட்ரோல் விற்பனை முற்றாக நின்றது. 1999 ஏப்ரல் 29 அன்று வந்த உத்தரவுதான் திருப்புமுனை: தேசியத் தலைநகர் வட்டாரத்தில் பதிவாகும் புதிய தனியார் கார்கள் 1999 ஜூன் 1 முதல் யூரோ 1, 2000 ஏப்ரல் 1 முதல் யூரோ 2 மாசு அளவுகளுக்குள் இருக்க வேண்டும்.

யூரோ 2 அளவைக் கார்ப்பரேட்டரால் எட்டுவது மிகக் கடினம். சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் சான்ட்ரோ 1998-லேயே எம்பிஎஃப்ஐ எஞ்சினோடு, அதாவது சிலிண்டருக்கு ஓர் இன்ஜெக்டர் என்ற முறையோடு வந்திருந்தது. மாருதியும் விரைந்து மாறியது. 1999-ல் எஸ்டீமும் 2000-ல் மாருதி 800-உம் ஜிப்ஸியும் எம்பிஎஃப்ஐ ஆயின. நாட்டின் மிக மலிவான காருக்குள் ஒரு கணினியும் அதற்குள் ஓர் எரிபொருள் அட்டவணையும் குடியேறியது, பந்தயக்காரர் யாரும் கேட்டதால் நடந்ததன்று. தலைநகரத்துக் குழந்தைகளின் நுரையீரலைக் காக்க எழுந்த ஒரு வழக்கால் நடந்தது. ரிங் ரோட்டை ஒட்டிய மோதி பாக் போன்ற பகுதிகள் இந்த மாற்றத்தின் மையத்தில் இருந்தன. ஒரு பக்கம் நகரின் மிக நெரிசலான சாலைகளில் ஒன்று. மறுபக்கம் அரசு ஊழியர் குடியிருப்புகள், தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்று. வாசலில் ஓடிய புகையைச் சுவாசித்தவர்களும், புதிய எம்பிஎஃப்ஐ காரை வாங்கியவர்களும் அங்கே ஒரே மக்கள்தான்.

சாலையோர மெக்கானிக்குகள் புதிய எஞ்சினைக் கண்டு தயங்கியதில் வியப்பில்லை. திருக ஸ்க்ரூ இல்லை, மாற்ற ஜெட் இல்லை. பிளக்கின் நிறமும் ஈயம் போனபின் முன்போல் பேசவில்லை. ஆனால் வேகத்தில் பித்துக்கொண்ட இளைஞர்கள் சும்மா இருக்கவில்லை. ஜென் காரில் எஸ்டீமின் 1.3 லிட்டர் எஞ்சினை இறக்குவது நாடெங்கும் பரவிய மாற்றம். ஜிப்ஸி ராலிகளின் குதிரையாகவே இருந்தது. எஞ்சின் மாறினால் அட்டவணையும் மாற வேண்டும். பூட்டிய இசியுவைத் திறக்கக் கருவி இல்லாத அந்த ஆண்டுகளில் பிறந்த குறுக்குவழி, பிக்கிபேக் பெட்டி. அது சென்சாருக்கும் இசியுவுக்கும் இடையில் உட்கார்ந்து, உள்ளிழுப்பு அழுத்தம் கூடுதலாக இருப்பதாக இசியுவை நம்ப வைக்கும். அல்லது இன்ஜெக்டருக்குப் போகும் துடிப்பை நீட்டிவிடும். பெங்களூரின் ரேஸ் டைனமிக்ஸ் தயாரிக்கும் பவர்ட்ரானிக் இந்த வழியில் வந்த இந்தியப் பொருள்.

இந்த முறைக்கு ஒரு பலவீனம் உண்டு. மிதமான வேகத்தில் இசியு லாம்டா சென்சாரின் சொல்லைக் கேட்டு ஓடும். பிக்கிபேக் கூட்டிக்கொடுத்த பெட்ரோலைச் சென்சார் கண்டுபிடித்துச் சொல்லிவிடும். இசியு அதைக் கழித்துவிடும். முழு த்ராட்டிலில் மட்டும் பெரும்பாலான இசியுக்கள் சென்சாரை ஒதுக்கி, அட்டவணையை மட்டும் நம்பும். பிக்கிபேக் உண்மையில் வேலை செய்வது அந்தப் பகுதியில்தான். இதைப் புரியாமல் சென்சாரின் கம்பியைக் கழற்றிவிட்டவர்கள், கார் எப்போதும் ரிச்சாக ஓடி, கேட்டலிடிக் கன்வெர்ட்டர் எரிந்து, மைலேஜும் போய் நின்றார்கள்.

முறையான வழி, முழுமையாக எழுதக்கூடிய தனி இசியு. ஆஸ்திரேலியாவின் ஹால்டெக் 1986-லும் மோடெக் 1987-லும் தொடங்கி இதைப் பந்தய உலகுக்குக் கொடுத்தன. 2001-ல் அமெரிக்காவில் புரூஸ் பவுலிங், ஆல் கிரிப்போ இருவரும் வெளியிட்ட மெகாஸ்குவர்ட், சாலிடரிங் தெரிந்த எவரும் தாமே சேர்த்துக் கட்டிக்கொள்ளக்கூடிய மலிவு இசியு. இவற்றோடு வந்த இன்னொரு கருவி வைட்பேண்ட் லாம்டா சென்சார். பழைய சென்சார் லீன், ரிச் என்ற இரண்டு சொல்லை மட்டும் அறியும். சரியான விகிதத்தின் அருகே அதன் மின்னழுத்தம் 0.45 வோல்ட்டைச் சுற்றிச் செங்குத்தாகத் தாவிவிடும். வைட்பேண்ட், 11 முதல் 18 வரை எந்த விகிதத்தையும் எண்ணாகவே சொல்லும். பிளக்கைப் படித்த கண்ணின் இடத்தில் அது வந்து அமர்ந்தது.

வேலை நடக்கும் வரிசை பெரும்பாலும் இப்படி: முதலில் இன்ஜெக்டரின் கொள்ளளவும், பேட்டரி மின்னழுத்தம் குறையும்போது அது திறக்க எடுக்கும் தாமதமும் சரியாக உள்ளிடப்படும். இதில் பிழை இருந்தால் பின்னால் எழுதும் ஒவ்வொரு எண்ணும் அந்தப் பிழையைச் சுமக்கும். பிறகு ஐடிலிங். பிறகு மிதமான சுமையில், இழுவையை அளக்கும் டைனோவின் உருளைகள் மேல் காரை ஏற்றி, ஒரு சுற்று வேகத்தில் நிலையாகப் பிடித்து, கட்டம் கட்டமாக வைட்பேண்டைப் பார்த்து எண்ணைத் திருத்துவது. கணக்கு எளிது: இலக்கு 14.7 இருக்க, சென்சார் 15.4 காட்டினால், கட்டத்தின் எண்ணை 15.4-க்கும் 14.7-க்கும் உள்ள விகிதத்தில், ஏறக்குறைய 5 சதவீதம் கூட்ட வேண்டும். முழுச் சுமைப் பகுதியை எப்போதும் ரிச் பக்கத்திலிருந்து அணுகுவார்கள். ரிச்சில் தவறினால் இழுவை குறையும். லீனில் தவறினால் நாக்கிங் வந்து, அதாவது கலவை தானாகவே வெடித்து, பிஸ்டன் போகும். நல்ல ட்யூனரின் அட்டவணையை முப்பரிமாணப் பரப்பாகத் திரையில் பார்த்தால் மேடு பள்ளம் மெல்ல ஏறி இறங்கும். நடுவில் ஒரு கட்டம் மட்டும் முள்ளாகத் துருத்தினால் அங்கே அளவீடு தவறியிருக்கிறது. இந்த வழவழப்பை எட்டுவதற்குப் பொறுமையாகச் செலவிடும் மணிநேரங்களே தொழிலின் தரம். குளிர்ந்த எஞ்சினில் கிளப்புவது, திடீரென மிதிக்கும்போது கூட்ட வேண்டிய அளவு போன்ற துணை அட்டவணைகளையும் முடித்துக் கொடுப்பவர்கள் குறைவு. அவர்கள் வேலையே நிலைக்கிறது.

தில்லியில் இந்தத் திறமை இன்னொரு வாசல் வழியாகவும் பரவியது. உச்ச நீதிமன்றத்தின் 1998 ஜூலை 28 உத்தரவு நகரப் பேருந்துகளைச் சிஎன்ஜிக்கு, அதாவது அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு, மாற்றச் சொன்னது. 2002 இறுதிக்குள் மாற்றம் நிறைவேறியது. எரிவாயு வழங்க 1998-ல் உருவான இந்திரப்பிரஸ்தா கேஸ் நிறுவனத்தின் தலைமையகம் மோதி பாக்கை அடுத்த ராமகிருஷ்ணபுரத்தில் இருக்கிறது. பெட்ரோல் விலை ஏற ஏற, சொந்தக் கார்களும் சிஎன்ஜி கிட்டுக்கு வந்தன. முதலில் வந்தவை கார்ப்பரேட்டர் போலவே காற்றோட்டத்தில் வாயுவைக் கலக்கும் மிக்சர் கிட்டுகள். பின்னால் வந்த சீக்வென்ஷியல் கிட்டுகள் அட்டவணையால் ஓடுபவை. சிஎன்ஜிக்குச் சரியான காற்று விகிதம் சுமார் 17.2. வாயு இன்ஜெக்டரின் ஓட்டமும் வேறு. எனவே கிட்டின் கணினி, பெட்ரோல் இசியு கொடுக்கும் இன்ஜெக்டர் நேரத்தை வாங்கி, தன் பெருக்கு அட்டவணையால் பெருக்கி, வாயு இன்ஜெக்டரைத் திறக்கும். கிட் பொருத்துபவர் மடிக்கணினியை இணைத்து, பெட்ரோலிலும் வாயுவிலும் மாறி மாறி ஓட்டி, இரண்டிலும் பெட்ரோல் இசியுவின் நேரம் ஒன்றாக இருக்கும்வரை அந்தப் பெருக்கு எண்களைத் திருத்த வேண்டும். வேகத்துக்கென்று ஒருபோதும் ட்யூன் செய்யாத, ஆட்டோ பாகக் கடைகளின் தெருக்களில் வேலை கற்ற மெக்கானிக்குகள் எரிபொருள் அட்டவணையைக் கையாளப் பழகியது இப்படித்தான். பந்தய ட்யூனர்களுக்குக் கிடைக்கும் புகழ் இவர்களுக்குக் கிடைத்ததில்லை, கிடைக்க வேண்டும். 2010-ல் மாருதி தொழிற்சாலையிலேயே சிஎன்ஜி பொருத்திய கார்களை விற்கத் தொடங்கியபின் இந்த வேலையின் ஒரு பகுதி பட்டறையைவிட்டுப் போனது.

2004-ல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சினோடு வந்தபோது தொழிலின் முகமே மாறியது. 150 குதிரைத்திறன் கொண்ட அந்தக் காரில் பெட்டி எதுவும் வேண்டாம்; இசியுவின் மென்பொருளையே படித்து, திருத்தி, திரும்ப எழுதலாம். ரீமேப் என்ற சொல் அன்றாடச் சொல் ஆனது. இவ்வகை இசியுவில் ஓட்டுநர் மிதிப்பது எரிபொருளை நேரடியாகக் கேட்பதாகாது, முறுக்குவிசையைக் கேட்பதாகும். டர்போ அழுத்தம், தீப்பொறி நேரம், எரிபொருள் மூன்றையும் ஒன்றாக உயர்த்தாவிட்டால் இசியு தானே இழுத்துப் பிடித்துவிடும். 2011-ல் கிரேட்டர் நொய்டாவில் புத் சர்வதேச ஓடுதளம் திறந்தபின், தில்லி கார்கள் தம் அட்டவணையை முழு த்ராட்டிலில் நீண்ட நேரம் சோதிக்கப் பாதுகாப்பான இடம் கிடைத்தது. பங்கில் அப்போது கிடைத்த சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேன் எண், டர்போ அழுத்தத்தைக் கூட்டியவர்களுக்குப் போதவில்லை. 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில், மதுரா சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்த 100 ஆக்டேன் பெட்ரோலைத் தில்லி உள்ளிட்ட நகரங்களில் விற்கத் தொடங்கியது.

சட்டம் இவற்றை விரும்பி ஏற்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதியாகச் சொன்னது. மாசுச் சான்றிதழுக்கான சோதனையில் பிஎஸ் 4 மாசு அளவுக்கு உட்பட்ட பெட்ரோல் கார், ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; சுற்று வேகத்தை 2,500-க்கு உயர்த்தும்போது லாம்டா (காற்று விகிதத்தைச் சரியான விகிதத்தால் வகுத்த எண்) 1-ஐச் சுற்றி 0.03-க்குள் நிற்க வேண்டும். கேட்டலிடிக் கன்வெர்ட்டரை அறுத்து எறிந்துவிட்டு அதை எச்சரிக்கும் விளக்கை மென்பொருளில் அணைப்பவர்கள், இந்த அட்டவணை எதற்காகத் தில்லிக்கு வந்ததோ அதையே குலைக்கிறார்கள். சராசரி ஓட்டத்தில் லாம்டா 1-ஐ அப்படியே விட்டு, முழுச் சுமைக் கட்டங்களை மட்டும் தொடும் ட்யூனிங் கன்வெர்ட்டரோடு சமாதானமாகவே ஓடும். அதற்கு வேலை அதிகம், காசு அதிகம். அதனால்தான் அது அரிது.

முதல் எம்பிஎஃப்ஐ தலைமுறை இன்று தில்லிச் சாலைகளில் அநேகமாக இல்லை. 15 ஆண்டு கடந்த பெட்ரோல் கார்களும் 10 ஆண்டு கடந்த டீசல் கார்களும் தலைநகர் வட்டாரத்தில் ஓடக் கூடாது என்ற தடையை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு ஏப்ரலில் தில்லிக்கு மட்டும் முன்கூட்டியே வந்த பிஎஸ் 6 எரிபொருளில் கந்தகம் 10 பிபிஎம், முன்பு 50. 2020 ஏப்ரலில் நாடு முழுவதும் பிஎஸ் 6 வாகனங்கள் கட்டாயமாக, பெரும்பாலான இருசக்கர வண்டிகளும் கார்ப்பரேட்டரைக் கைவிட்டு அட்டவணைக்கு மாறின. புதிய கார்களின் இசியுக்கள் கையொப்பமிட்ட மென்பொருளால் பூட்டப்பட்டு வருகின்றன. திறக்க முன்பைவிடப் பல மடங்கு உழைப்பு வேண்டும்.

இதற்கிடையில் பெட்ரோலே மாறியிருக்கிறது. 2023-ல் அறிமுகமாகி 2025-க்குள் பரவலான இ20-இல் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். அதற்குச் சரியான காற்று விகிதம் 14.7 இல்லை, சுமார் 13.5. மிதமான ஓட்டத்தில் லாம்டா சென்சார் வித்தியாசத்தை உணர்ந்து பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். முழு த்ராட்டிலில் அட்டவணையை மட்டும் நம்பி ஓடும், மாற்றியமைத்த பழைய கார்களில் அந்தக் காவல் இல்லை. எத்தனால் கலக்காத பெட்ரோலில் லாம்டா 0.87 என்று எழுதிய கட்டம், இ20-இல் 0.94 அருகே போய்விடும். எத்தனாலின் ஆக்டேன் நாக்கிங்கைத் தள்ளிப்போட்டாலும், டர்போ கார்களில் அந்த வரிசைகளை மறுபடி டைனோவில் ஏற்றி, வைட்பேண்டைப் பார்த்து, ஏறக்குறைய 8 சதவீதம் கூட்டி எழுத வேண்டியிருக்கிறது.